நடை சாத்திய நேரத்தில் வந்த தண்ணீர்

"கோயிலைச் சுத்திக் காட்டணும்னா முதல்ல கோயிலைப் பார்த்திருக்கணும்மா. நீ எத்தனை பார்த்திருக்க?"

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டிராவல்ஸ் கடையில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பாய் கேட்டார். வழிகாட்டி வேலை கேட்டு வந்த பெண் அவர் முன்னால் நிற்பது அதுதான் முதல் தடவை. கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் எனக்கு உறைத்தது.

பெரிய கோயில் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை, என்றேன். எதற்குப் போனாய் என்றார். ஒரு தடவை பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னொரு தடவை காலேஜ் விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்கினேன். பாய் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். என் அப்பாவை ஊரில் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர் என்பார்கள். அவர் மகள் மழைக்கு ராஜராஜன் கோயிலில் ஒதுங்கியிருக்கிறாள். அதுவே ஒரு முன்னேற்றம்தான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்த ஆள் நான். அப்பா குத்தகை நிலத்தில் சாகுபடி செய்தார், வெண்ணாற்றுப் பாசனம். அம்மா நடவுக்குப் போனாள். நான் பி.ஏ. வரலாறு முடித்தேன். நடவு வயலில் அம்மாவிடம், வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கூட நடுகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "ராஜாக்களைப் பத்திப் படிச்சிருக்கா. பெரிய வேலையாத்தான் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னிடம் கேட்டாள், என்ன வேலைடி அது என்று.

எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஆண்கள் இல்லை. துபாய், சிங்கப்பூர், திருப்பூர் என்று கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். பாஸ்போர்ட் எடுக்கத் தெரிந்தவனுக்கு இருந்த மதிப்பு, கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவளுக்கு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். போனவர்கள் லீவுக்குத் திரும்பி வரும்போது கையில் கேமராவோடு வந்தார்கள். இங்கே இருந்தவரை ஏறிட்டுப் பார்க்காத கோயில்களைக் குடும்பத்தோடு வண்டி பிடித்துப் பார்க்கப் போனார்கள். அவர்களுக்கு முந்திப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். டிராவல்ஸ் கடைகள் முளைத்தன. பாய் சவூதியில் பல வருஷம் வண்டி ஓட்டிச் சம்பாதித்த பணத்தில் இரண்டு வேன் வாங்கி இந்தக் கடையைப் போட்டிருந்தார். வேன் இருந்தது, டிரைவர் இருந்தார். இறங்கிய இடத்தில் அது என்ன என்று சொல்ல ஆள் இல்லை. அந்த ஆள் நான்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு வேறு எந்த வேலையும் வேலையாகத் தெரியவில்லை.

பாய் கேட்ட கேள்விக்குப் பதில் சம்பாதிக்க எனக்கு ஆறேழு மாதம் ஆனது. சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன், பகலில் டவுன் பஸ் ஏறினேன். ஆற்றோடு மேற்கே கல்லணை, கிழக்கே கும்பகோணம், கொள்ளிடம் தாண்டி கங்கைகொண்டசோழபுரம். படிக்கும்போது அவை பரீட்சைக்கான பதில்கள். நேரில் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தாராசுரத்தில் ஒரே கல்லில் ஒரே தலை. இந்தப் பக்கம் மறைத்தால் யானை, அந்தப் பக்கம் மறைத்தால் காளை. கையால் மறைத்தும் எடுத்தும் பார்த்துக்கொண்டே நின்றேன், கால் வலித்த பிறகுதான் நகர்ந்தேன். பெரிய கோயிலில் படம் விற்கிற ஒருவர், இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். வெயிலுக்கு இதமாக அவர் உட்கார்ந்திருந்ததே அந்த நிழலில்தான். இதைச் சொல்ல யாராவது கிடைக்க மாட்டார்களா என்று இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒன்றே ஒன்றுதான் தொல்லை. எங்கள் பக்கம் கோயிலுக்குப் போவது என்றால் ஏதாவது ஒரு காரியமாகத்தான் போவார்கள். காது குத்த, கடன் தீர, பிள்ளை பிறக்க. சும்மா பார்க்கப் போகிறவர்கள் கிடையாது. வயசுப் பெண் தனியாக வந்து சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு சுற்றினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். புள்ளமங்கை கோயிலில் குருக்கள் கேட்காமலே என் நட்சத்திரத்தைச் சொல்லச் சொன்னார், கல்யாணத் தடை நீங்க அர்ச்சனை செய்வதாக. இல்லை சாமி, சிற்பம் பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, எனக்காகத் தானே சத்தமில்லாமல் ஒரு அர்ச்சனையும் செய்துவிட்டார். வாசலில் பூ விற்ற அம்மாள், "இன்னும் சுத்தாத கண்ணு, போதும். வந்துருவான்" என்றாள்.

மறுபடி பாயிடம் போனேன். பார்த்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாராசுரத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றார். எனக்குத் தெரியவில்லை. வண்டியை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள், சோழனை அப்புறம்தான் கேட்பார்கள் என்றார். பிறகு ட்ரிப் எழுதும் நோட்டைப் புரட்டினார்.

"ஒரே ஒரு ட்ரிப் தர்றேன். மலேசியாவுலேருந்து ரெண்டு அம்மா வர்றாங்க, அக்கா தங்கச்சி. முகம் சுளிக்காம இறங்கினா மேல பேசலாம். சுளிச்சா, நீ வேற வேலை பாரு, நான் வேற ஆளைப் பாக்கறேன். சரிதானே?"

சரி என்றேன். நான் வீட்டுக்குப் போனதே தெரியவில்லை.

அவர்கள் ஒரே நாளில் பார்க்க வேண்டிய ஐந்து கோயில்களையும் எந்த வரிசையில் பார்ப்பது என்பதை என்னிடமே விட்டிருந்தார் பாய். நான் இரண்டு நாள் யோசித்தேன். இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று இருந்தது. முதல் கோயிலில் தொடங்கிக் கடைசிக் கோயில் வரும்போது சோழர் காலம் முழுவதும் அவர்கள் கண் முன்னால் வளர்ந்து முடிய வேண்டும். அதனால் கட்டிய காலப்படி வரிசை போட்டேன். முதலில் கும்பகோணத்தில் நாகேசுவரன் கோயில், அது ஆதித்த சோழன் காலம். அடுத்து அவன் மகன் பராந்தகன் காலத்துப் புள்ளமங்கை. பிறகு ராஜராஜனின் பெரிய கோயில். பிறகு அவன் மகனுடைய கங்கைகொண்டசோழபுரம். கடைசியில் தாராசுரம். அப்பன், பிள்ளை, பேரன் என்று எவ்வளவு அழகான வரிசை. எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

ஆடி மாதம். காலேஜ் கடைசி நாள் விழாவுக்கு வாங்கிய பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு விடிந்ததும் கடையில் நின்றேன். மலேசிய அக்காமார் இரண்டு பேரும் தொப்பி போட்டிருந்தார்கள். பெரியவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு தடவை கேட்பார். சின்னவர் துணிக்கடை வைத்திருந்தார், ஒரு தடவைகூடக் கேட்காமல் தானே பதிலைச் சொல்லிவிடுவார். இரண்டு பேருக்கும் தாத்தா இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறிப் போனவர். எந்த ஊர் என்று இருவருக்கும் தெரியவில்லை. காவேரிக் கரை என்று மட்டும் சொல்வாராம். அதைப் பற்றி அவர்களுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. "கரை முழுக்கப் பார்த்துட்டா அவரு ஊரும் அதுக்குள்ள அடங்கிரும்ல" என்றார் சின்னவர்.

கும்பகோணம் போகும் வழியில் புள்ளமங்கைக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டிப் போனோம். டிரைவர் அண்ணன் வண்டியை மெதுவாக்கி என்னைப் பார்த்தார். இது இரண்டாவது, முதலில் கும்பகோணம் என்றேன். அவர் காதைச் சொறிந்துகொண்டார்.

நாகேசுவரன் கோயில் பிரமாதமாகப் போனது. கருவறைச் சுவர் மாடங்களில் நிற்கும் சிலைப் பெண்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவளைப் பார்த்தா எங்க அத்தை மாதிரியே இருக்கு" என்று சின்னவர் சொன்னார். அத்தைக்கு இவ்வளவு இடுப்பு கிடையாது என்றார் பெரியவர். ஒவ்வொரு சிலையிலும் அவர்கள் சொந்தக்காரர் யாராவது கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். நேரம் போனது தெரியவில்லை. வெளியே வந்து ஆற்றைக் காட்டுங்கள் என்றார்கள். பாலத்தில் நிறுத்தச் சொன்னேன்.

கீழே மணல். ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் மணல்தான். நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாடு படுத்திருந்தது.

பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "தங்கச்சி, இதுதான் காவேரியா?" என்றார்.

இதுதான் அக்கா, என்றேன்.

"தண்ணி?"

வந்துகொண்டிருக்கிறது என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். பொய் சொல்லவில்லை நான். அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் குறைவு, கல்லணையைத் தாமதமாகத் திறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் மணலைக் கையால் காட்டிக்கொண்டு தண்ணீர் வருகிறது என்று சொன்னால், வராத பஸ்ஸுக்கு நேரம் சொல்கிற மாதிரிதான் இருந்திருக்கும். ஆயிரம் வருஷத்து நதிக்கரை என்று காலையிலிருந்து பேசிக்கொண்டு வந்தவள் நான். நதிதான் இல்லை.

திரும்பி மேற்கே வந்தோம். புள்ளமங்கைக் கோயில் வாசலில் இறங்கும்போது உச்சி வெயில். கதவு பூட்டியிருந்தது.

நின்றுவிட்டேன். நடை சாத்துவது எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு மணிக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். டெல்டாவில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். ஆனால் வரிசை போட்ட இரண்டு நாளும் நான் ராஜாக்களை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். எந்த ராஜாவும் நடை சாத்துவதில்லை.

டிரைவர் அண்ணன் பீடியை எடுத்துவிட்டு, பெண்கள் இருப்பதைப் பார்த்து மறுபடி உள்ளே வைத்தார். "காலையில இது வழியாத்தாம்மா போனோம். அப்பத் தொறந்திருந்திச்சு" என்றார். இங்கிருந்து எல்லாரும் செய்வதையே செய்யலாம் என்றும் சொன்னார். கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ போய் ஓட்டலில் சாப்பிட வைத்து, ரூம் போட்டுப் படுக்க வைத்து, நாலு மணிக்கு எழுப்ப வேண்டியது. எல்லா டிராவல்ஸ்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எப்படியும் நாலாவது, ஐந்தாவது கோயில் இன்றைக்கு இல்லை, இப்படிப் படுக்கப் போய் வந்தால் மூன்றாவதும் போய்விடும். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சின்னவர் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டார். இரண்டு பேர் முகமும் சுளிக்கத் தொடங்கும் இடத்துக்கு வந்திருந்தது. பாய் சொன்னது என் காதுக்குள் கேட்டது.

அப்போதுதான் ரோட்டோரம் பார்த்தேன். நாலைந்து ஆட்கள் வாய்க்கால் தலைப்பில் இறங்கி மண்வெட்டியால் கோரையைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த உச்சி வெயிலில். யாரும் இந்த நேரத்தில் அந்த வேலையைச் செய்ய மாட்டார்கள், தண்ணீர் பக்கத்தில் வந்தால் ஒழிய. எங்கள் ஊரில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அப்பா மண்வெட்டியோடு ஓடியதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஓடிப்போய்க் கேட்டேன். குடமுருட்டியில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, காலையில் மேலே தண்ணீரைப் பிரித்துவிடும் ரெகுலேட்டரைத் தாண்டிவிட்டது, லஸ்கர் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார் என்றார்கள். மதகு பார்க்கும் ஆள்தான் லஸ்கர். இப்போது எங்கே இருக்கும் என்றேன். ஒருவர் மேற்கே கையைக் காட்டினார். "அந்தா அந்த ஆலமரத்துக்கு அந்தாண்ட இருக்கும். பொடிநடையாத்தான் வருது. மணலு குடிக்குதுல்ல."

திரும்பி வந்தேன். என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது. "அக்கா, கதவு திறக்க இன்னும் நேரம் இருக்கு. அதுக்குள்ள தண்ணி வருது. காவேரியோட ஒரு கைதான் இந்தக் குடமுருட்டி. நாம எதிர்ல போய்க் கூட்டிட்டு வரலாமா?"

கூட்டிக்கொண்டா, என்று பெரியவர் கேட்டார். இரண்டாவது தடவையும் கேட்டார். அதற்குள் சின்னவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கரை மேல் வேன் போகாது என்று டிரைவர் அண்ணன் முணுமுணுத்தார், ஆனால் ஓட்டினார். ஆலமரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. இறங்கி ஆற்றுக்குள் பார்த்தோம்.

அதை எப்படிச் சொல்வது. அலை மாதிரி வரும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். புதுத் தண்ணீர் அப்படி வராது. பழுப்பு நிறத்தில், சாண் உயரம்கூட இல்லாமல், ஆற்றின் ஒரு ஓரமாக நாக்கு நீட்டிக்கொண்டு வந்தது. முன்னால் நுரை, நுரைக்கு முன்னால் சருகு, தேங்காய் மட்டை, பிய்ந்த செருப்பு ஒன்று. சருகின் மேல் எறும்புகள் கூட்டமாக ஏறிக்கொண்டு வந்தன. மணலில் ஒரு பள்ளம் வந்தால் நின்று, அதை நிரப்பி, யோசித்து, வழிந்து, மறுபடி நடந்தது. தண்ணீர் புகுந்த இடத்திலெல்லாம் மணல் மூச்சுவிட்டது. சின்னச் சின்னக் குமிழிகள், நெல் பொரிகிற மாதிரி சத்தம். பின்னாலேயே கொக்குகள், வெளியே ஓடிவரும் பூச்சிகளைப் பிடித்துக்கொண்டே, ஊர்வலம் மாதிரி. புது மண் வாசனை கரை வரைக்கும் ஏறி வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தண்ணீர் வரும்போது ஊர் எல்லை வரைக்கும் போய், அதற்கு முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு வருவோம். முதலில் குனிந்து தொட்டுத் தலையில் தெளித்துக்கொள்ள வேண்டும், அதற்கு அப்புறம்தான் கால் வைக்கலாம். எங்கள் வெண்ணாற்றில் செய்ததை இங்கேயும் பெண்கள் செய்துகொண்டிருந்தார்கள். மஞ்சளும் குங்குமமும் பூவும் போட்டார்கள். ஒருத்தி கற்பூரத்தை ஏற்ற, காற்று அணைக்க, திட்டிக்கொண்டே மறுபடி ஏற்றினாள்.

நான் செருப்பைக் கரையில் விட்டுவிட்டு இறங்கினேன். இதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை, வருஷம், வம்சம், அளவு எதுவும். தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டு காட்டினேன். அக்காமார் இரண்டு பேரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். பெரியவர் குனிந்து விரலை நனைத்தார். அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலையில் வைத்துக்கொண்டார். எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

நடந்தோம். தண்ணீர் பின்னால், நாங்கள் முன்னால். வேகமாக நடந்தால் தண்ணீர் பின்தங்கியது, நின்று பேசினால் குதிகாலைத் தொட்டது. சின்னவர் பின்பக்கமாக நடந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். "மெதுவா வா, மெதுவா வா" என்று அதற்குச் சொல்லிக்கொண்டு வந்தார். கரையிலிருந்து ஒரு கிழவர் எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா என்றார் சின்னவர். "அங்கேருந்தா கூட்டியாறீங்க? அதான் இவ்ளோ லேட்டு" என்றார் அவர். கரை முழுக்கச் சிரித்தது. டிரைவர் அண்ணன் வேனைக் கரை மேல் எங்களோடு ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் ஹாரன் அடிக்கத் தொடங்கினார், எதற்கு என்று அவருக்கே தெரியாது. வழியில் யாரோ வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தார்கள். எங்கள் மதியச் சாப்பாடு அதுதான், ஓட்டல் ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

கோயிலுக்கு நேரான படித்துறைக்கு நாங்களும் தண்ணீரும் சேர்ந்து வந்தபோது அங்கே முதல் படியில் குருக்கள் உட்கார்ந்திருந்தார், புதுத் தண்ணீரில் கை கால் கழுவ. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. "கல்யாணம் ஆயிடுத்தா? இவா மாமியாரா?" என்றார்.

"இல்ல சாமி. இவங்களும் சிற்பம் பார்க்கத்தான் வந்திருக்காங்க."

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, நம்ப முடியாமல் எங்களையே பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

உள்ளே போனபோது ஒன்று புரிந்தது. நான் தனியாக வந்ததெல்லாம் காலை நேரத்தில், வெயில் ஏறிய பிறகு. அப்போது தேடித் தேடிப் பார்த்த அந்த உள்ளங்கை அகலச் சிற்பங்கள், இப்போது மேற்கே சாயத் தொடங்கிய வெயில் பக்கவாட்டில் பட்டதும் ஒவ்வொன்றாகக் கல்லை விட்டு வெளியே வந்து நின்றன. ஒருவன் வில்லை வளைக்கிறான், அந்த விரல் தெரிந்தது. ஒருத்தி ஆடுகிறாள், பக்கத்தில் தாளம் போடுகிறவன் உதட்டில் சிரிப்பு தெரிந்தது. நான் கத்திவிட்டேன். வழிகாட்டி கத்தக் கூடாது, தெரியும். "அக்கா, இங்க வாங்க, இதை நான் இதுக்கு முன்னால பார்க்கவே இல்ல!" இரண்டு பேரும் ஈரப் புடவையோடு ஓடி வந்தார்கள்.

பெரிய கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். விமானம் கருநீலமாகி நின்றது. அன்றைக்கு அதோடு சரி. கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் பார்க்க முடியவில்லை. அவர்களை லாட்ஜில் இறக்கிவிடும்போது நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சின்னவர், நாளைக் காலையில் பாயிடமே பேசிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்குப் போய் எதுவும் சாப்பிடவில்லை நான்.

காலையில் கடைக்குப் போனால் பாயோடு அக்காமார் இரண்டு பேரும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் அண்ணன் வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்க்காமல் வேன் கண்ணாடியைத் துடைத்தார். பெரியவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பாய், அஞ்சு கோயில்னு சொன்னீங்க. மூணுதான் பார்த்தோம்."

பாய் என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்தே நின்றேன். நேற்று நான் காட்டியதைப் பற்றி எனக்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று அந்த நிமிஷம் தெளிவாகத் தெரிந்தது, வேலை போனாலும் சரி.

"மிச்சம் ரெண்டு இருக்கே. ரயில் டிக்கெட்டை இன்னைக்கு ராத்திரிக்கு மாத்தியாச்சு" என்றார் பெரியவர். "இதே பிள்ளைதான் வரணும். ஆனா இன்னைக்கு எந்த ராஜா முதல்லன்னு டிரைவர் தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொல்லுங்க." டிரைவர் அண்ணன் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தார்.

அவர்கள் வேனில் ஏறியதும் பாய் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். பாராட்டுவார் என்று நினைத்தேன். "நேத்து அல்லா உனக்குத் தண்ணி அனுப்பினான். நல்லது. தினமும் அனுப்ப மாட்டானே. மத்த நாள்ல நடை சாத்துற நேரத்துக்கு என்ன காட்டுவ?"

அதை நான் ராத்திரி முழுக்க யோசித்திருந்தேன். பதில் கடகடவென்று வந்தது. எல்லா டிராவல்ஸும் ஆட்களைத் தூங்க வைக்கிற அந்த நாலு மணி நேரம்தான் என்னுடைய நேரம். ஆவணியில் நாற்றங்கால், புரட்டாசியில் நடவு, தையில் அறுப்பு. திருவையாற்றுப் படித்துறை, கல்லணை மதகுகள், கொள்ளிடத்து மணல் திட்டு. காலையில் கிழக்குச் சுவர், சாயங்காலம் மேற்குச் சுவர், நடுவில் ஆறு. சித்திரையில் மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை என்பதையும் சொன்னேன்.

"சித்திரையில யாரும் வர மாட்டாங்க" என்றார் பாய். மேசை டிராயரைத் திறந்து மூடினார். அடுத்த வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, அவருக்குத் தெரிந்தவர்கள். முதலில் நாகூர் தர்கா, அங்கிருந்து ஆற்றோடு மேலே வந்து கோயில்களும் பார்க்க ஆசைப்படுகிறார்கள். நாகூர் போயிருக்கிறாயா என்றார்.

இல்லை என்றேன். அவர் புருவத்தைத் தூக்குவதற்குள் வெளியே வந்து வேனில் ஏறிவிட்டேன்.

அன்றைக்குக் கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் முடித்து, அக்காமாரை ராத்திரி ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். மறுநாள் விடிகாலை நாகப்பட்டினம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். வெட்டாறு கடலில் விழுகிற இடம் நாகூர்தான். எங்கள் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து போகிற அந்த ஆற்றின் முடிவை எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பார்த்ததில்லை. தர்காவில் எந்த நேரம் கூட்டம் குறைவு, முகத்துவாரத்துக்கு எந்த வழியில் நடந்து போகலாம், கழிப்பறை எந்தப் பக்கம், எல்லாம் இன்றைக்கே கேட்டுக்கொண்டு வர வேண்டும். கண்டக்டர் வந்தார். நாகப்பட்டினத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிட்டு, அங்கிருந்து நாகூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.